முதியோர் தசைநல இரத்தப் பரிசோதனைத் தொகுப்பு: ஒரு மதிப்புரை

எழுபதைக் கடந்த என் தாயாருக்காகச் சென்னையிலுள்ள ஓர் ஆய்வகத்தின் ‘முதியோர் தசைநலத் தொகுப்பை’ வாங்கினேன். வீட்டுக்கே வந்து இரத்தம் எடுத்தவர் பொறுமையானவர். அறிக்கையும் சொன்ன நேரத்தில் வந்தது. குறை தொகுப்பில்தான் இருக்கிறது.

கிரியாட்டினின், சிஸ்டாட்டின் சி, சி.ஆர்.பி. (உடலின் அழற்சியைக் காட்டும் புரதம்), வைட்டமின் டி, சி.பி.கே. (தசை பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கசியும் நொதி) ஆகியவை அதில் அடங்கும். இவற்றுள் பயனுள்ளவை முதல் இரண்டே. கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் பெரும்பாலும் தசையிலிருந்து வருகிறது. சிஸ்டாட்டின் சி என்ற புரதத்தை உட்கரு உள்ள எல்லா உயிரணுக்களும் சுரக்கின்றன. இரண்டையும் வடிகட்டுவது சிறுநீரகமே என்பதால், முன்னதைப் பின்னதால் வகுத்தால் சிறுநீரகத்தின் பங்கு பெருமளவு விலகி, தசையின் அளவைப் பற்றிய ஒரு மறைமுகக் குறிப்பு கிடைக்கும். இரண்டு எண்களையும் தந்த அறிக்கை அந்த வகுத்தலைச் செய்யவில்லை. மாறாக, மெலிந்த முதியவரிடம் தசைக்குறைவாலும் தாழக்கூடிய கிரியாட்டினினைப் பச்சை நிறத்தில் காட்டி, சிறுநீரகம் மிக நன்றாக இருப்பதாகப் பாராட்டுகிறது. தைராய்டு கோளாறும் ஸ்டீராய்டு மருந்தும் சிஸ்டாட்டின் சி-யின் அளவை மாற்றும் என்ற எச்சரிக்கையும் இல்லை.

பழக்கமில்லாத உடற்பயிற்சிக்குப் பின் சி.பி.கே. சில நாள்கள் உயர்ந்திருக்கும். ஆயினும் இரத்தம் எடுக்குமுன் பயிற்சி பற்றி எவரும் கேட்கவில்லை.

பயிற்சியின் பலனை அறிய இத்தொகுப்பை மூன்று மாதத்துக்கொருமுறை வாங்குமாறு ஆய்வகம் பரிந்துரைப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. 1990-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த தொண்ணூறு வயதினர் எட்டு வாரம் கடுமையான எடைப்பயிற்சி செய்தபோது, கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது; தொடைத்தசையின் பரப்போ 9 விழுக்காடுதான் கூடியது. வலிமை அந்த அளவுக்கு முந்திச் செல்லும்போது, தசையின் அளவை மட்டும் மறைமுகமாகச் சுட்டும் ஓர் இரத்த எண் எதைக் காட்டிவிடப்போகிறது?

முதுமைத் தசை இழப்புக்கு (சார்கோபீனியா) ஆசிய வல்லுநர் குழு தந்த 2019 வரையறையில் இரத்தப் பரிசோதனைக்கு இடமே இல்லை. கைப்பிடி வலிமை ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் குறைவதும், நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர 12 விநாடியோ அதற்கு மேலோ ஆவதும் ஆகிய இவற்றுள் ஒன்றே தசை இழப்பைச் சந்தேகிக்கப் போதும். உறுதிசெய்யத் தசை அளவை டெக்ஸா (குறைந்த அளவு எக்ஸ்-கதிரால் உடலை அளக்கும் கருவி) போன்ற கருவியால் அளக்க வேண்டும். மெலிந்த முதியவரின் சிறுநீரகத்தைச் சரியாக மதிப்பிட மருத்துவர் கேட்டால் சிஸ்டாட்டின் சி-யை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளலாம். முழுத் தொகுப்பை நான் பரிந்துரைக்கவில்லை.