ஹட்டன் மழையில் கேரவன்: பல வருடப் பாவனைக்குப் பிறகு

கேரவனில், அதாவது படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள வண்டியில், தண்ணீர் இறங்குது என்றால் எல்லோரும் முதலில் கூரையைத்தான் தடவிப் பார்ப்பார்கள். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் இலங்கை மலையகத்து ஹட்டன், வட்டவளைப் பக்கம் மழை எங்கே மேலிருந்து விழுகிறது, காற்றோடு பக்கவாட்டில் அல்லவா அடிக்கிறது. அதனால் நான் அதிகம் நோண்டுவது ஜன்னல் மூலைகளையும் வெளிவிளக்குகள் பூட்டியிருக்கும் இடத்தையும்தான். வெளியே அலுமினியம் பளபளவென்று இருக்கும், உள்ளே மரச்சட்டம் உளுத்துக்கொண்டிருக்கும். ஜன்னலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட் மாதிரி அமுங்கினால் கறை தெரியாவிட்டாலும் வேலை முற்றிவிட்டது.

சிலிக்கனை நான் சிபாரிசு செய்யமாட்டேன். விளிம்பு கழன்றதும் அதன்மேல் புதுசு பூசினால் ஒட்டாது, முழுவதையும் சுரண்டியே ஆக வேண்டும். ஜன்னல் சட்டத்தைக் கழற்றி, அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர்ப் பசை நாடா) வைத்துத் திருகாணியை இறுக்கினால், பசை நாலு பக்கமும் பிதுங்கி வரும். குளிரில் அது விறைத்துவிடும், ஆகவே வெயில் ஏறிய மத்தியானத்தில் செய்யுங்கள், சில நாள் கழித்து இன்னொரு தடவை இறுக்குங்கள். ரப்பர் கூரை என்றால் துடைக்க மண்ணெண்ணெய், பெற்றோல் கிட்டவே கொண்டுபோக வேண்டாம், சவர்க்காரத் தண்ணீர் போதும்.

அப்புறம், பாதி ஈரம் நாமே உண்டாக்குவது. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும்; அப்படியானால் 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று முடியும்போது 19 லிட்டர் அளவு! ஜனவரியில் நுவரெலியாவில் நிறுத்திப் படுத்துப் பாருங்கள், விடியும்போது சுவரில் அந்த ஈரம் வழியும், மெத்தையின் அடிப்பக்கமும் நனைந்திருக்கும். சமைக்கும்போது கூரைத் துவாரம் திறந்திருக்கட்டும், மெத்தைக்கு அடியில் காற்றுப் போக இடைவெளி விட்ட சட்டப்பலகை போடுங்கள்.

தறப்பாளால் இறுக்கிப் போர்த்துவது சுத்த வீண், உள்ளே புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும், காற்றில் உரசிப் பெயின்ட்டும் போகும். நாலு தூண், மேலே தகரம், பக்கம் திறந்த கொட்டகை, அதில் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்தால் சாரல் பட்டாலும் நீர் தேங்காது.

அவிசாவளையிலிருந்து ஏ7 வீதியில் வளைந்து குலுங்கி ஏறி வந்தால் ஒட்டு எங்கேயாவது விட்டிருக்கும். வந்த கையோடு சுற்றிப் பாருங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் பொடியன் உயர் அழுத்தக் குழாயை அந்த ஒட்டுகளுக்கு நேராகப் பிடிக்க மட்டும் விடவேண்டாம்.