ஹைப்பலான் என்று சொல்லி பிவிசி: ரிப் படகுப் பயிற்சித் தொகுப்பு வாங்குமுன் கவனியுங்கள்

அடிப்பாகம் ஃபைபர், சுற்றிலும் காற்றடைத்த டியூப். இந்த ரிப் படகை நீங்களே வடிவமைத்துக் கட்டலாம் என்று காணொலிப் பாடம், வரைபடம், டியூப் துணி, பசை எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக விற்கிறார்கள். எங்களுக்கு வந்த தொகுப்பில் ஃபைபர் பாடம் மட்டும் உருப்படி. டியூப் பகுதி முழுக்க ஏமாற்று. பணத்தைத் திருப்பிக் கேட்டால், "துணியை வெட்டிவிட்டீர்களே" என்பதுதான் பதில்.

விளம்பரத்தில் இருந்தது "டூபாண்ட் அசல் ஹைப்பலான், புது உற்பத்தி". ஹைப்பலான் என்பது சிஎஸ்எம் என்ற செயற்கை ரப்பருக்கு டூபாண்ட் நிறுவனம் வைத்த பெயர்; அந்தத் தயாரிப்பை அது 2010-லேயே நிறுத்திவிட்டது. இப்போது நல்ல துணி விற்பவர்கள் வேறு ஆலைகளின் சிஎஸ்எம் ரப்பர் பூசியதைத் தருகிறார்கள், அதில் குறையில்லை. ஆனால் தொகுப்பில் வந்ததோ பிவிசி என்ற பிளாஸ்டிக் பூசிய துணி.

காணொலியிலேயே துப்பு இருந்தது. டியூப் ஓரங்களை வெப்பக்காற்றால் உருக்கி ஒட்டிக் காட்டுகிறார்கள். சிஎஸ்எம் அப்படி ஒட்டாது, அதற்குப் பசைதான். பணம் கட்டுமுன் ஒரு சாம்பிள் துண்டு கேட்டு வாங்கி ஹீட் கன்னைக் காட்டுங்கள்: பிவிசி பளபளத்து இளகி இழுபடும். சூடான செம்புக் கம்பியில் துணியைத் தொட்டுச் சுடரில் காட்டும் சோதனையை நம்ப வேண்டாம். இரண்டிலும் குளோரின் இருப்பதால் இரண்டுக்கும் சுடர் பச்சையாகவே வரும்.

துணி மாறினால் பசையும் மாற வேண்டும். தொகுப்பில் இருந்தது சிஎஸ்எம்முக்கான நியோப்ரீன் பசை. பிவிசியை வளையும்படி வைக்கச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் கசிந்து அந்தப் பசையை நாளடைவில் இளக்கிவிடும். பிவிசிக்கு ஹார்டனர் (பசையை இறுக வைக்கும் திரவம்) கலக்கும் பாலியூரித்தேன் பசைதான் சரி. வந்த ஹார்டனரும் கட்டிதட்டிப் போயிருந்தது. அது ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள், ஈரக்காற்று பட்டாலே கெடும். ஹார்டனர் இல்லாமல் ஒட்டினாலும் முதலில் பிடித்த மாதிரிதான் இருக்கும்; சூடேறும்போது வாய் பிளக்கும்.

எவ்வளவு இழுவை என்று கணக்குப் பாருங்கள். டியூப் விட்டம் 45 செ.மீ., உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிட 0.25 பார் கூடுதல் என்றால், நீளவாட்டு ஒட்டின் ஒவ்வொரு 5 செ.மீ.க்கும் சுமார் 29 கிலோ ஓயாமல் இழுக்கும். உள்காற்று 27 டிகிரியிலிருந்து 57 டிகிரிக்கு ஏறினால் அந்தக் கூடுதல் அழுத்தம் ஏறக்குறைய 0.375 பார், இழுவை 43 கிலோ. அதனால் 5 செ.மீ. அகலத் துண்டு இரண்டை, டியூபில் விடப்போகும் அதே மேல்மடிப்பு (ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அகலம்) அளவில் ஒட்டி, ஒரு வாரம் காயவிட்டு, 45 கிலோ தொங்கவிட்டு வெயிலில் ஒரு பகல் வையுங்கள். ஒட்டு துளி நகர்ந்தாலும் அந்தப் பசை வேண்டாம்.

வரைபடமும் தப்பு. 45 செ.மீ. விட்டத்துக்குச் சுற்றளவு 141.4 செ.மீ.; துணியையும் அதே அளவில் வெட்டச் சொல்கிறது. மேல்மடிப்புக்கு 4 செ.மீ. சேர்க்கவில்லை. அப்படி வெட்டினால் டியூப் 43.7 செ.மீ.தான் வரும், 45-க்கு வளைத்த ஃபைபர் விளிம்பில் முழுதாகப் படியாது, ஓரத்திலிருந்து உரியத் தொடங்கும்.

இதைவிட ஆபத்து, டியூபைத் தனித்தனிக் காற்றறைகளாகப் பிரிக்கும் தடுப்புத் திரை. வரைபடத்தில் அது தட்டையான வட்டம். ஓர் அறை ஓட்டையானால் அடுத்த அறையின் காற்று அதன்மேல் சுமார் 400 கிலோ விசையில் அழுத்தும். தட்டை வட்டத்துக்குப் புடைக்க இடமில்லை, விளிம்பு ஒட்டையே பிய்க்கும். மீதி அறைகள் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் அவையும் போகும். திரையைக் கூம்பாகத்தான் வெட்ட வேண்டும்.

மோட்டார் மாட்டும் பின்பலகையின் உயரம் 38 செ.மீ.யா 51 செ.மீ.யா, அதாவது எந்த நீள மோட்டாருக்கு என்பதே வரைபடத்தில் இல்லை. "ஐஎஸ்ஓ 6185 சான்றிதழ் பெற்ற பாடம்" என்றும் போட்டிருக்கிறார்கள். அந்தத் தரம் காற்றடைத்த படகுகளுக்கானது, பாடங்களுக்கு அல்ல.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் துணியைத் தூக்கிப்போட வேண்டாம். பழைய பசை பட்ட ஓரங்களை வெட்டி எறியுங்கள், அதன்மேலேயே புதுப் பசை பூசாதீர்கள். மீதித் துணியை பிவிசி என்றே கருதி, பாலியூரித்தேன் பசையால் ஒட்டி, படகு நிற்கும்போதெல்லாம் வெயில் படாமல் உறை போட்டு வையுங்கள்.