மண்டே நைட் ரா: கடிகாரத்தை வைத்துப் பார்த்தால்

ரா என்பது டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனம் திங்கள்தோறும் நடத்தும், முடிவை முன்பே எழுதி வைத்து ஆடும் ரெஸ்லிங் நிகழ்ச்சி. அதை ரசிகர்கள் ஆளை வைத்துத்தான் பிரிப்பார்கள்: ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டின் காலம், ஜான் சீனா காலம் என்று. ஆனால் ஒவ்வொரு காலத்திலும் அது எத்தனை மணி நேரம் ஓடியது, அதில் எவ்வளவு நேரலை என்று பார்த்தால்தான் ஏன் சில வருடங்கள் பறக்கின்றன, சில வருடங்கள் இழுக்கின்றன என்பது புரியும்.

முதல் எபிசோட் 1993 ஜனவரி 11, நியூயார்க் மன்ஹாட்டன் சென்டர். முதல் மேட்ச் யோகோசுனாவுக்கும் கோகோ பி. வேருக்கும். மொத்தமே ஒரு மணி நேரம், அதிலும் விளம்பரம் போக மிச்சம்தான். பெரிய ஆள் ஒருவர் பெயர் தெரியாத ஒருவரை இரண்டு மூன்று நிமிடத்தில் சாய்ப்பது அன்றைய வாடிக்கை. தோற்பதற்கென்றே வருபவனாகத் தெரிந்த ஒல்லிப் பையன், அதே வருடம் மே 17 அன்று பெரிய வீரர் ரேஸர் ரமோனைப் பின் செய்து (தோள்களை மூன்று எண்ணும்வரை தரையில் அழுத்தி) 'ஒன் டூ த்ரீ கிட்' ஆனது அதனால்தான் அவ்வளவு பெரிய அதிர்ச்சி.

செலவைக் குறைக்க ஒரே இரவில் பல வார எபிசோடுகளைப் படம்பிடித்து வைப்பார்கள். கடைசி மேட்சுக்குள் அரங்கத்தில் இருப்பவர்களுக்குத் தொண்டை வற்றிவிடும். முடிவும் வெளியே கசிந்துவிடும். 1995 செப்டம்பரில் போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ. அதே திங்கள் இரவில் நைட்ரோ என்ற நிகழ்ச்சியை நேரலையாக இறக்கியபோது, அதை நடத்திய எரிக் பிஷாஃப் ரா முடிவுகளை முன்கூட்டியே மைக்கில் போட்டு உடைத்தார். 1996 நடுவிலிருந்து 83 வாரம் ரேட்டிங்கில் நைட்ரோதான் மேலே. ரா 1997 பிப்ரவரியில் இரண்டு மணி நேரமானது. 1998 ஏப்ரல் 13 அன்று ஆஸ்டினுக்கும் ராவின் முதலாளி வின்ஸ் மெக்மேனுக்கும் நடந்த மோதலை வைத்து 4.6க்கு 4.3 என்று ரேட்டிங்கில் முந்தியது. 1999 ஜனவரி 4 அன்று, பதிவு செய்யப்பட்டிருந்த ராவில் மிக் ஃபோலி என்ற வீரர் சாம்பியன் ஆகப்போகிறார் என்று நைட்ரோ கேலியாக அறிவிக்க, பார்த்துக்கொண்டிருந்தவர்களே அதைக் காண ராவுக்கு மாறினார்கள். நல்ல கதைக்கு முடிவு தெரிந்தாலும் கூட்டம் வரும்! 2001 மார்ச் 26 அன்று கடைசி நைட்ரோ. புதிதாகத் தொடங்குபவர்கள் 1997 முதல் இந்தத் தேதி வரை பார்த்தால் போதும். இரண்டு மணி நேரம்தான் இந்த நிகழ்ச்சிக்குச் சரியான அளவு.

2012 ஜூலை 23, ஆயிரமாவது எபிசோட். அன்றிலிருந்து மூன்று மணி நேரம். கோளாறு இங்கேதான். கூடுதல் நேரத்தை நிரப்ப, போன வாரத்துக் காட்சிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். அதே இருவரை வாராவாரம் மோதவிடுவார்கள். மேட்ச் அமைப்பும் விளம்பரத்துக்கு ஏற்றபடிதான்: நல்லவன் கயிற்றைத் தாண்டி வெளியே பாய்வான், இடைவேளை, திரும்பி வந்தால் வில்லன் அவன் கழுத்தைப் பிடித்துத் தரையில் உட்கார வைத்திருப்பான். ரெஃப்ரி காதில் இருக்கும் கருவி வழியாக மிச்ச நிமிடம் சொல்லப்படும். அவர் குனிந்து ஏதோ முணுமுணுத்தால் முடிவு நெருங்குகிறது என்று அர்த்தம். பழைய மூன்று மணி நேர எபிசோடுகளில் முதல் இருபது நிமிடம், ஒன்பது மணிக்கு வரும் பகுதி, கடைசி அரை மணி நேரம் பார்த்தால் கதை விட்டுப்போகாது.

2020 மார்ச்சில் ஆளில்லாத பயிற்சி மையத்தில் நடந்த எபிசோடுகளைத் தயங்காமல் தாண்டலாம். கூட்டத்தின் சத்தம் இல்லாத ரெஸ்லிங் தாளம் இல்லாத பாட்டு.

2025 ஜனவரி 6 முதல் ரா நெட்ஃபிளிக்ஸில்; அதே ஏப்ரலிலிருந்து இந்தியாவிலும் அங்கேதான். டிவி சேனலின் நேரக் கட்டுப்பாடு இல்லாததால் நீளம் வாரத்துக்கு வாரம் மாறுகிறது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு எட்டுக்குத் தொடங்கினால் நமக்குச் செவ்வாய் காலை 5:30. அங்கே குளிர்கால நேரம் என்றால் 6:30. அந்நேரம் எழ முடியாதவர்கள் பார்த்து முடிக்கும்வரை யூடியூப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. முடிவை முன்கூட்டியே உடைக்கும் பிஷாஃப் வேலையை இப்போது வீடியோ தம்ப்நெயில் செய்கிறது.