மீட்டரைக் காட்டியே ஏமாற்றுகிறார்கள்: ஏசி சர்வீஸ் எச்சரிக்கை

ஆதம்பாக்கம், நங்கநல்லூர், வேளச்சேரி பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மற்ற ஏரியாக்காரர்களும்தான், ஏனென்றால் இந்த ஆட்கள் ஒரு போன் நம்பரை வைத்துக்கொண்டு சென்னை முழுக்கப் போய் வருகிறார்கள். ஏசியில் குறையாத கேஸைக் குறைந்ததாகக் காட்டி, போடாத கேஸைப் போட்டதாகச் சொல்லி, எங்களிடம் 3,650 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்கள். பணத்தை விட, அதைச் செய்த விதத்தைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். எதையும் மறைக்கவில்லை. கேஸ் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரை எங்கள் கண் முன்னால் பிடித்து, முள் இறங்குவதைக் காட்டியே செய்தார்கள்.

எங்களுடையது ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட் ஏசி. உள்ளே இருப்பது ஆர்-32 என்ற வகைக் கேஸ். மேல்மாடிப் படுக்கையறை, மேலே மொட்டை மாடி, மேற்கே வெயில் விழும் சுவர். கத்திரி சமயத்தில் குளிர்ச்சி குறைந்தது, கூடவே இன்டோரிலிருந்து சுவரோரமாகத் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. கம்பெனி பெயரையும் 'கஸ்டமர் கேர் சென்னை' என்பதையும் போட்டுத் தேடியதில் முதலில் வந்த நம்பருக்குப் போன் செய்தோம். எடுத்தவர் 'எந்தக் கம்பெனி ஏசி மேடம்?' என்று கேட்டுவிட்டு, பெயரைச் சொன்னதும் 'ஆமாம் மேடம், நாங்கதான்' என்றார். அந்த இடத்தில் வேறு எந்தக் கம்பெனிப் பெயரைச் சொல்லியிருந்தாலும் அவர் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார். பிறகு என் தோழியை விட்டு வேறொரு பெயரைச் சொல்லிக் கேட்கச் சொன்னேன். அதே குரல், அதே 'நாங்கதான்'.

இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். ஐடி கார்டு கிடையாது. ஒருவர் ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் கழுவினார். இன்னொருவர் மாடிக்குப் போய் அவுட்டோரில் மீட்டரை மாட்டி, 'கேஸ் இல்ல மேடம், வந்து பாருங்க' என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் முள் உண்மையிலேயே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருக்க, பூஜ்ஜியத்தை ஒட்டி வந்து நின்றது. 'இப்படியே ஓட்டினா கம்ப்ரசர் போயிடும்' என்றார். சிலிண்டரை மாட்டினார், கொஞ்ச நேரத்தில் முள் ஏறியது. கேஸுக்கு 3,200, சர்வீஸுக்கு 450. கிளம்பும்போது, 'போர்டும் வீக்கா இருக்கு, கழட்டிக் கொடுங்க, கடையில செக் பண்ணி 8,500-க்குள்ள முடிச்சுத் தர்றேன்' என்றார். ஏசியை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு அது. தர மறுத்துவிட்டோம். அதுவரை நல்லது.

அவர்கள் போன பிறகு என் மாமனார் ஒரு கேள்வி கேட்டார். அவர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் கையில் ஸ்பேனர் இருந்தால் அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. 'ஏம்மா, மீட்டர் மாட்டினது தடிக் குழாயில. அப்புறம் ஒல்லிக் குழாய் மூடியை எதுக்குக் கழட்டி ஆலன் கீ போட்டான்?'

மொத்த விஷயமும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டு அவுட்டோரின் பக்கவாட்டில் பாருங்கள். இரண்டு செம்புக் குழாய்கள் இருக்கும், ஒன்று ஒல்லி, ஒன்று தடிமன். அவை அவுட்டோரில் சேரும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பித்தளை வால்வு, அதன் மேல் மூடி. கேஸ் திரவமாக ஒல்லிக் குழாய் வழியாக வீட்டுக்குள் போகிறது, அறையின் சூட்டை வாங்கி ஆவியாகி, தடிக் குழாய் வழியாகக் கம்ப்ரசருக்குத் திரும்பி வருகிறது. மீட்டர் மாட்டும் இடம் இந்தத் திரும்பி வரும் பக்கம். இப்போது ஒல்லிக் குழாய் வால்வை ஆலன் கீயால் மூடிவிட்டால், உள்ளே போவது நின்றுவிடும். ஆனால் கம்ப்ரசர் இழுத்துக்கொண்டே இருக்கும். இருக்கிற கேஸ் எல்லாம் அவுட்டோருக்குள் வந்து அடைந்துகொள்ளும், மீட்டர் முள் தானாகவே இறங்கும். கேஸ் ஒரு சொட்டுக்கூட வெளியே போயிருக்காது. வால்வை மறுபடி திறந்தால் முள் ஏறும். பக்கத்தில் ஒரு சிலிண்டர் மாட்டியிருந்தால், அதிலிருந்துதான் ஏறுகிறது என்று பார்க்கிறவர் நினைத்துக்கொள்வார்.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. வீடு மாறும்போது ஏசியைக் கழற்றுகிறவர்கள் கேஸ் வீணாகாமல் இருக்க நேர்மையாகச் செய்யும் வேலைதான். மெக்கானிக்குகள் 'கேஸ் லாக் பண்றது' என்பார்கள். அதையே எடுத்து வித்தையாக ஆக்கியிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் கொஞ்சம் குளிர்ந்தது, ஃபில்டரைக் கழுவியதால். அடுத்து பழைய நிலைமையை விட மோசம். சொட்டுவதும் நிற்கவில்லை. நங்கநல்லூரில் கடை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கை மாமனார் கூட்டி வந்தார். அந்த அண்ணன் மீட்டரை வெளியே எடுக்கவே இல்லை. ஏசியைப் போட்டுவிட்டு அவுட்டோரைக் கொஞ்ச நேரம் பார்த்தார், ஒல்லிக் குழாய் வால்வைக் காட்டினார். வால்வைத் தாண்டியதும் குழாயின் மேல் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. வால்வு பாதி மூடியிருந்தால், அந்தச் சின்ன இடுக்கு வழியாகப் பீறிட்டுப் போகும் கேஸ் அங்கேயே குளிர்ந்துவிடும். அறைக்குள் நடக்க வேண்டியது மொட்டை மாடியில் நடக்கும். வந்தவர்கள் அவசரத்தில் வால்வை முழுதாகத் திறக்காமல் போயிருக்கிறார்கள். அண்ணன் ஆலன் கீயைப் போட்டு முழுக்கத் திறந்தார், பனி எங்கள் கண் முன்னாலேயே கரைந்தது.

அதற்கப்புறம்தான் மீட்டரை மாட்டினார். ஓடும்போது அழுத்தம் சரியான அளவில் இருந்தது. 3,200 ரூபாய்க்கு உண்மையிலேயே கேஸ் ஏற்றியிருந்தால், ஏற்கெனவே நிறைந்திருந்த மெஷினில் அது அளவுக்கு மேலே போயிருக்க வேண்டும். தண்ணீர் சொட்டியதற்கும் குளிர்ச்சி குறைந்ததற்கும் காரணம் வேறு: உள்ளே புளோயர் சக்கரம் முழுக்க அழுக்கு, டிரெயின் தட்டில் பாசி. பம்ப் வைத்து அடித்துக் கழுவினார். 700 ரூபாய். சொட்டுவது நின்றது, அறையும் குளிர்ந்தது.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். அதனால் 'வருஷா வருஷம் கொஞ்சம் டாப் அப் பண்ணணும்' என்று சொல்கிறவர் ஒன்று ஓட்டையை அடைக்காமல் காசு வாங்குகிறார், இல்லையென்றால் பொய் சொல்கிறார். சென்னையில் ஓட்டை விழுவதும் நிஜம்தான், அதை மறுக்கவில்லை. கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளை அரிக்கும். கூவம், பக்கிங்காம் கால்வாய் ஓரத்து வீடுகளில் சாக்கடை வாயு பட்டுச் செம்பு கறுத்துப்போகும், காயிலில், அதாவது கேஸ் ஓடும் குழாய்ச் சுருளில், ஊசி முனை அளவு துளைகள் விழும். அங்கே இருக்கிறவர்கள் வாங்கும்போதே காயிலுக்குப் பூச்சு இருக்கிறதா, காயிலுக்கு எத்தனை வருஷம் வாரண்டி என்று எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. ஸ்டார் எண்ணிக்கையைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் கடைக்காரர் காயில் வாரண்டி என்றதும் டீ சொல்லப் போய்விடுவார்.

ஓட்டை இருந்தால் நேர்மையான வேலை எப்படி இருக்கும் என்று அந்த அண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதலில் நைட்ரஜன் அடித்து, சோப்பு நுரை வைத்து ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். அடைத்த பிறகு வேக்கம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெளியே எடுக்க வேண்டும். அப்புறம்தான் கேஸ், அதுவும் எடை போட்டு. உங்கள் மெஷினுக்கு எத்தனை கிராம் கேஸ் என்பது அவுட்டோரில் ஒட்டியிருக்கும் தகட்டிலேயே அச்சடித்திருக்கும். சிலிண்டரைத் தராசில் வைத்து, ஏற்றுவதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று காட்டச் சொல்லுங்கள். தராசு கொண்டு வரவில்லை என்றால் கேஸ் போட வேண்டாம். முள்ளை மட்டும் நம்ப முடியாது: பழைய ஆர்-22 மெஷின் ஓடும்போது 60, 70 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) காட்டினாலே சரி, ஆர்-32 அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டும், இன்வெர்ட்டர் என்றால் கம்ப்ரசர் வேகத்துக்குத் தக்கபடி ஏறி இறங்கும். எந்த எண்ணைச் சொன்னாலும் நமக்கு ஆமாம் என்றுதான் தோன்றும். இன்னொன்று, ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும் தன்மை உள்ளது. கேஸ் உள்ளே இருக்கும்போதே குழாயில் பற்றவைக்க யாராவது நெருப்பு டார்ச்சை எடுத்தால் உடனே நிறுத்துங்கள்.

ஈக்காட்டுத்தாங்கலில் என் தோழி வேலை பார்க்கும் ஆபீஸ் கதை இன்னும் மோசம். அங்கே நான்கு ஸ்ப்ளிட் ஏசி. வருஷ ஒப்பந்தம் போட்டு வருகிறவர் ஒவ்வொரு கோடையிலும் நான்குக்கும் கேஸ் பில் வைத்திருக்கிறார். நான்கு மெஷினும் ஒரே வாரத்தில் கேஸ் இழக்குமா என்று யாரும் கேட்கவில்லை. வீட்டிலாவது மாமனார் மாடியில் நிற்பார், ஆபீஸில் பில் மட்டும் அக்கவுண்ட்ஸுக்குப் போகும்.

எங்களிடம் கொடுத்த பில்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். அழகாக அச்சடித்து, 18 சதவீதம் வரி என்று போட்டிருந்தது. ஜிஎஸ்டி எண்ணை எண்ணிப் பார்த்தால் 14 எழுத்துதான். சரியான எண்ணில் 15 இருக்கும், தமிழ்நாட்டில் பதிவானது என்றால் 33-இல் தொடங்கும், ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் யாருடையது என்று இலவசமாகவே காட்டும். சின்ன மெக்கானிக்கிடம் ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் இருக்கலாம், அதில் தப்பே இல்லை. ஆனால் பதிவு இல்லாதவர் வரி வாங்கக் கூடாது.

கம்பெனி நம்பர் வேண்டும் என்றால் வாரண்டி அட்டையிலோ மெஷினில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ பார்த்து எடுங்கள், தேடலில் மேலே வருவதை எடுக்காதீர்கள். அங்கே மேலே வருவது பல நேரம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். போர்டு போய்விட்டது என்று யாராவது சொன்னால் முதலில் வாரண்டியைப் பாருங்கள். இன்வெர்ட்டர் மெஷின்களில் கம்ப்ரசருக்குப் பத்து வருஷம், போர்டுக்குச் சில வருஷம் என்று பல கம்பெனிகள் தருகின்றன. எங்கள் போர்டும் வாரண்டியில்தான் இருந்தது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். தமிழிலேயே பேசலாம். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இணையத்திலேயே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, நடந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். என்னிடம் பில், பணம் அனுப்பிய விவரம், பனி படிந்த வால்வின் படம் இருக்கின்றன. இல்லாதது, வால்வை மூடும் வீடியோ. இதே முறையில் ஏமாந்து, மாடியில் அவர்கள் வேலை செய்ததைப் போனில் பிடித்து வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், என் மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.