கல்வெட்டுப் பாடங்களைக் காதால் படிக்க என்விடிஏ எப்படி?

கல்வெட்டுப் பாடங்களை, அதாவது கல்லில் உள்ளதை எழுத்தில் பதித்த வடிவங்களை, ஸ்கிரீன் ரீடரில் (திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருளில்) படிக்க முடியுமா என்று பார்வையற்ற வரலாற்று மாணவர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். முடியும். நான் என்விடிஏ-தான் வைத்திருக்கிறேன். இலவசம், திறமூலம், 2006இல் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் தொடங்கியது. கூடவே வரும் ஈஸ்பீக் தமிழ்க் குரல் கரகரவென்று இருந்தாலும் வேகத்தைக் கூட்டினால் குழறாது. நீளமாகக் கேட்கவேண்டுமென்றால் விண்டோஸின் வள்ளுவர் குரலுக்கு மாறிவிடுவேன்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று ராஜராஜன் சொல்வதைக் காதில் கேட்டுப் பாருங்கள், அது பேச்சாகவே வந்து விழும். ஆனால் பாடம் ஒழுங்காகத் தட்டச்சாகியிருந்தால்தான். கல்லில் வரி முடிகிற இடத்தில் சொல் பாதியில் உடையும், பதிப்பாசிரியர் அங்கே அடைப்புக்குள் வரி எண் போடுவார், உடனே குரல் "குடுத்த, ஐந்து, னவும்" என்று படிக்கும். இதற்கு என்விடிஏ-வின் பேச்சு அகராதி கைகொடுக்கிறது: அடைப்புக்குள் எண் மட்டும் வந்தால் விட்டுவிடு என்று ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளின் அமைப்பைக் குறிக்கும் வாய்பாடு) எழுதி வைத்தால் சொல் மறுபடி ஒட்டிக்கொள்ளும். வரிக்கு வரி என்டர் தட்டி வைத்திருக்கும் பக்கங்களில் மட்டும் இது பலிக்காது.

அடுத்தது எல்லாவற்றையும்விட முக்கியம். சிதைந்த அல்லது ஐயமான எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போடுவது பதிப்பு வழக்கம், பதிப்பாசிரியர் தாமே சேர்த்ததற்கு நட்சத்திரக் குறி. என்விடிஏ-வின் இயல்பான அமைப்பில் சதுர அடைப்பு சத்தமே இல்லாமல் போய்விடும். அப்படியானால் கல்லில் தெளிவாக இருப்பதும், ஒருவர் ஊகித்துப் படித்ததும் நமக்கு ஒரே மாதிரிதான் கேட்கும். ஆய்வு செய்கிறவருக்கு இது சின்ன விஷயமா? நிறுத்தக்குறி அளவை முழுதாக ஏற்றினால் காற்புள்ளி வரைக்கும் படித்து உயிரை வாங்கும். நான் குறிகளின் உச்சரிப்பு அமைப்பில் போய்ச் சதுர அடைப்புக்கு "ஐயம்" என்றும் நட்சத்திரத்துக்கு "சேர்" என்றும் கொடுத்து, அவை எப்போதும் ஒலிக்கும்படி வைத்திருக்கிறேன். திரையில் உள்ளதைப் புடைப்புப் புள்ளிகளாகக் காட்டும் பிரெய்ல் காட்டி கையில் இருந்தால் அடைப்பு விரலிலேயே தட்டுப்படும், விலைதான் கட்டுப்படியாகாது.

அதே தஞ்சைக் கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் (கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட ஆடல் மகளிர்) நானூறு பேரின் பட்டியல் இருக்கிறது: எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்த் தளியிலிருந்து (கோயிலிலிருந்து) வந்தவர், பெயர் என்று வரிசையாக. இதை முறையான அட்டவணையாகப் போட்டிருந்தால் கன்ட்ரோல், ஆல்ட், கீழ் அம்பு மூன்றையும் அழுத்தி பெயர்களை மட்டும் கேட்டுக்கொண்டே இறங்கலாம், ஊர்ப் பத்தியில் இறங்கினால் யார் யார் ஒரே ஊர்க்காரர் என்பதும் பிடிபட்டுவிடும். நான் பார்த்த ஒரு தளத்தில் இப்படிப்பட்ட பட்டியலை ஸ்கேன் படமாக ஏற்றியிருந்தார்கள், "கிராஃபிக்" என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்தது. பழைய எழுத்துருவில் அடித்ததை யுனிகோடுக்கு மாற்றாமல் விட்ட இடங்களில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான்.

என்விடிஏ-வைத் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள். பாடம் தட்டச்சு செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வரி எண்ணைச் சொல்லுக்கு வெளியே வையுங்கள், எந்தக் குறி எதற்கு என்று பக்கத்தின் மேலேயே தலைப்பு போட்டு எழுதிவிடுங்கள், தலைப்புக்குத் தாவ உதவும் எச் விசையைத் தட்டி நாங்கள் வந்து படித்துக்கொள்கிறோம்.