பிளகின் மோதல்: எல்லாவற்றையும் அணைப்பதா, தடயம் பார்த்துப் பிடிப்பதா?

வேர்ட்பிரஸ் தளத்துக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் துணை மென்பொருள்தான் பிளகின். அப்படி ஒன்றான, பக்கங்களை வடிவமைக்கும் பில்டர் எலிமென்டரில் ஒரு பக்கத்தைத் திருத்தத் திறக்கிறீர்கள். இடப்பக்கப் பட்டை வெறுமையாக நிற்கிறது. நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. யாரிடம் கேட்டாலும் ஒரே வைத்தியம்தான் சொல்வார்கள்: "எல்லா பிளகினையும் டீஆக்டிவேட் பண்ணிட்டு, ஒண்ணொண்ணா ஆன் பண்ணிப் பாருங்க." அது தவறான வைத்தியம் இல்லை. ஆனால் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்யச் சொல்கிறார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் எல்லாவற்றையும் அணைத்தால் என்ன ஆகும்? தொடர்புப் படிவம் இருந்த இடத்தில் அதை வரவழைக்கும் அடைப்புக்குறிச் சொல்லான ஷார்ட்கோடு மட்டும் தெரியும். இணையக் கடை நடத்தும் வூகாமர்ஸ் பிளகின் இருந்தால் கடை மூடிவிடும். பாதுகாப்பு பிளகினும் சேர்ந்தே அணையும். சில பிளகின்கள் அணையும்போதே தாங்கள் நேரம் குறித்து வைத்திருந்த பின்னணி வேலைகளையும் நீக்கிவிடும். திரும்ப ஆன் செய்த பிறகு அவை சரியாக வந்தனவா என்று யாரும் பார்ப்பதில்லை.

அணைத்துத்தான் தேடுவது என்று முடிவு செய்தால் ஒவ்வொன்றாகப் போகாதீர்கள், பாதி பாதியாகப் போங்கள். 32 பிளகின்கள் இருந்தால் ஒவ்வொன்றாகப் பார்ப்பதில் 31 சோதனை வரை போகலாம். பாதியை அணைத்து, கோளாறு இருக்கும் பாதியை மறுபடி பிரித்துக்கொண்டே போனால் 5 சோதனையில் முடியும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பில்டரோடு இன்னும் இரண்டு பிளகின்கள் சேர்ந்தால்தான் கோளாறு என்றால், அந்த இரண்டும் வெவ்வேறு பாதியில் விழுந்தவுடன் இரண்டு பாதியுமே நல்லதாகத் தெரியும். அப்போது ஒரு பாதியை ஆன் செய்தபடியே வைத்துக்கொண்டு மறு பாதியைப் பிரிக்க வேண்டும். 2024-இல் வந்த வேர்ட்பிரஸ் 6.5 முதல், ஒரு பிளகினைத் தங்களுக்குத் தேவை என்று அறிவித்திருக்கும் துணை பிளகின்கள் ஓடும்போது, அந்தத் தாய் பிளகினை அணைக்க பிளகின் பக்கம் விடாது. எனவே துணைகளை முதலில் அணையுங்கள்.

இதே தேடலைப் பார்வையாளருக்குத் தெரியாமல் செய்யலாம். ஹெல்த் செக் அண்ட் டிரபிள்ஷூட்டிங் என்ற இலவச பிளகினில் சோதனை முறை ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்தால் உங்கள் லாகினுக்கு மட்டும் எல்லா பிளகினும் அணைந்து, தீமும் இயல்பான தீமுக்கு மாறும். மற்றவர்களுக்குத் தளம் எப்போதும்போல ஓடும். பாதி பாதிப் பிரிப்பை இதற்குள்ளேயே செய்யலாம் என்பதால், நேரடியாக அணைப்பதைவிட எனக்கு இதுதான் எப்போதும் மேல். எலிமென்டரின் சேஃப் மோடும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறது. ஆனால் அது வெளியிலிருந்து தொல்லையா இல்லையா என்று மட்டும் சொல்லும். எந்த பிளகின் என்று சொல்லாது. முதல் நிமிடச் சோதனைக்கு அது போதும்.

சோதனை முறைக்கும் எட்டாத இடங்கள் உண்டு. தானாகவே ஓடும் பிளகின்களுக்கான மியூ-பிளகின்ஸ் கோப்புறையில் ஹோஸ்டிங் நிறுவனம் போட்டு வைத்தவை அப்போதும் ஓடும். ஆப்ஜெக்ட் கேஷ் (டேட்டாபேஸ் தகவலைத் தற்காலிகமாகச் சேமித்து வைப்பது) போல டபிள்யூபி-கன்டென்ட் கோப்புறையிலேயே நேரடியாக உட்காரும் கோப்புகளும் அப்படித்தான். லாகின் செய்யாதவர்களுக்கு மட்டும் தெரியும் கோளாறை, உதாரணமாகப் பழைய கேஷ் பக்கத்தில் டிசைன் கலைந்து கிடப்பதை, லாகின் செய்தே பார்க்க வேண்டிய இந்த முறையால் பிடிக்க முடியாது. அதற்குச் சோதனைக்கென்றே தனியாக எடுக்கும் தளப் பிரதியான ஸ்டேஜிங் நகல்தான் சரி. அங்கே எதையும் உடைத்துப் பார்க்கலாம். நகலிலிருந்து உண்மையான வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் போகாமல் முதலில் தடுத்துவிடுங்கள். டேட்டாபேஸை அப்படியே அசல் தளத்தின் மேல் திருப்பித் தள்ளவும் வேண்டாம். இடையில் வந்த ஆர்டர்கள் அழிந்துபோகும்.

மேலே சொன்ன எல்லாமே மிஞ்சிப்போனால் கோளாறுக்குக் காரணம் யார் என்று மட்டும்தான் சொல்லும். ஏன் என்று சொல்வது, பக்கத்தில் வரும் பிழைகளைக் காட்டும் பிரவுசர் கன்சோல். அதனால்தான் எதையும் அணைக்கும் முன் எஃப்12 விசையை அழுத்தச் சொல்கிறேன்.

ஒரு தளத்தில் இதே சுழலும் வட்டம். கன்சோலைத் திறந்ததும் சிவப்பில் ஒரு வரி: 'ஜேக்வெரி இஸ் நாட் டிஃபைண்ட்'. அந்த வரியின் வலது ஓரத்தில் பிழை வந்த கோப்பின் பெயர் இருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. அதைச் சொடுக்கினேன். கோப்பு எலிமென்டரின் கோப்புறையில் இல்லை, கேஷ் கோப்புறையில் இருந்தது. கேஷ் பிளகின் ஸ்கிரிப்டுகளை ஒன்றாகச் சேர்த்து, மற்ற ஸ்கிரிப்டுகள் நம்பியிருக்கும் நிரல் நூலகமான ஜேக்வெரியை மட்டும் தாமதமாக ஏற்றிக்கொண்டிருந்தது. பில்டரின் ஸ்கிரிப்ட் அதற்கு முன்பே ஓடி, ஜேக்வெரியைத் தேடி, காணாமல் நின்றுவிட்டது. லாகின் செய்தவர்களுக்கும் ஸ்கிரிப்டைச் சுருக்கும் அந்த ஒரு அமைப்பை அணைத்தேன்; பில்டர் திறந்தது. எந்த பிளகினையும் இழக்கவில்லை. அணைத்துத் தேடியிருந்தால் நல்ல கேஷ் பிளகின் ஒன்றைத் தூக்கி எறிந்திருப்பேன்.

கன்சோலுக்குப் பக்கத்திலேயே, பிரவுசர் சர்வருக்கு அனுப்பும் கோரிக்கைகளைக் காட்டும் நெட்வொர்க் பகுதி. சேமிக்கும்போது அங்கே 403 (அனுமதி மறுப்பு) என்று வந்தால் பெரும்பாலும் பாதுகாப்பு பிளகினோ சர்வரின் ஃபயர்வாலோ தடுக்கிறது. சர்வரில் இருக்கும் ஃபயர்வால் என்றால் எல்லா பிளகினையும் அணைத்தாலும் அது தீராது. ஹோஸ்டிங்கிடம்தான் கேட்க வேண்டும். முன்னோட்டம் மட்டும் வராவிட்டால், சர்வர் பதிலோடு அனுப்பும் எக்ஸ்-ஃபிரேம்-ஆப்ஷன்ஸ் என்ற தலைப்பு 'டினை' என்று வருகிறதா பாருங்கள். பில்டர் உங்கள் பக்கத்தை ஒரு ஐஃப்ரேமுக்குள், அதாவது பக்கத்துக்குள் பக்கமாக, காட்டுகிறது. அந்த மதிப்பு அதை அடியோடு தடுக்கும். 'சேம்ஆரிஜின்' என்றால் விட்டுவிடும்.

500 என்ற சர்வர் பிழை எண் வந்தாலோ வெள்ளைத் திரை வந்தாலோ கோளாறு சர்வரில் இருக்கிறது. கன்சோல் அதிகம் பேசாது. டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் பிழைகளைக் கோப்பில் எழுதிவைக்கும் டீபக் லாகை ஆன் செய்து, பிழைகள் திரையில் வராதபடி காட்சியை அணைத்து, டீபக் லாக் கோப்பைப் படியுங்கள். 134217728 பைட் தீர்ந்தது என்று இருந்தால் 128 எம்பி நினைவகம் போதவில்லை என்று பொருள். அந்த வரியில் பெயர் வரும் பிளகினை உடனே குற்றவாளியாக்காதீர்கள். அது கடைசியாகக் கேட்டது, அவ்வளவுதான்; கடைசியாக ஏற்றிய மயிலிறகின் மேல் அச்சு முறிந்த பழியைப் போடக் கூடாது. நினைவக வரம்பை உயர்த்திப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

2019-இல் வேர்ட்பிரஸ் 5.2-இல் வந்த மீட்பு முறை இந்த வகைப் பிழைக்கு உதவும்: நிர்வாகி மின்னஞ்சலுக்கு இணைப்பு வரும், அதன் வழியாக உள்ளே போகலாம். அந்த மின்னஞ்சலும் வராமல் அட்மின் பக்கமும் திறக்காவிட்டால் மட்டுமே, சர்வரின் கோப்புகளை நேரடியாக அணுகும் எஃப்டிபி வழியாகப் போய் சந்தேகப்படும் ஒரே ஒரு பிளகினின் கோப்புறைப் பெயரை மாற்றுங்கள். மொத்த பிளகின்ஸ் கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டு அட்மினில் பிளகின் பக்கத்தைத் திறந்தால் எல்லாமே அணைந்துவிடும். பெயரைத் திருப்பி வைத்தாலும் தானாக ஆன் ஆகாது. எது எது ஓடிக்கொண்டிருந்தது என்ற பட்டியலும் உங்களிடம் இருக்காது.