வாக்குத்தத்த வசனப் பெட்டி: பதினெட்டு மாதப் பழக்கத்திற்குப் பிறகு

சென்ற ஆண்டு ஜனவரியில், யாங்கூனில் எங்கள் சபையின் புத்தக மேசையில் 12,000 கியாட் கொடுத்து, தேவன் தரும் வாக்குத்தத்தங்களாகிய (வாக்குறுதிகளாகிய) வேதாகம வசனங்கள் அடங்கிய இந்தப் பெட்டியை வாங்கினேன். ரொட்டித் துண்டின் வடிவில் செய்த பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே தீப்பெட்டி அகலத்தில் 200 அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் ஆங்கிலத்திலும் ஒரே வசனம். தமிழ் வசனங்கள் நாம் சிறுவயதிலிருந்து மனப்பாடம் செய்த பழைய மொழிபெயர்ப்பிலேயே இருப்பது இதன் முதல் சிறப்பு. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களின் பயணப் பெட்டியில் ஐந்தும் பத்துமாக இங்கே வந்து சேர்வதால், தீர்ந்துபோனால் அடுத்தவர் வரும்வரை பொறுக்கத்தான் வேண்டும்.

நான் இதை வாங்கிய காரணத்தைச் சொல்லாமல் மதிப்புரை எழுதுவது முறையல்ல. என் மகன் பினாங்கில் வேலைக்குப் போய் மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. 2024 பிப்ரவரியில் இங்கே கட்டாய ராணுவப் பணிச் சட்டம் நடைமுறைக்கு வந்து, 18 முதல் 35 வயது வரையுள்ள ஆண்கள் அதற்கு உட்பட்டவர்கள் என்று ஆனபின், இருபத்தாறு வயதுப் பிள்ளையை விடுமுறைக்கு வா என்று கூப்பிட எந்தத் தாய்க்கு நா எழும்? பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்த மனுவும் ஓர் அலுவலகத்தில் கிடப்பிலே கிடக்கிறது. ஆகவே தினமும் காலையில் ஜெபத்திற்குப் பின் ஓர் அட்டை எடுப்பதும், அதில் அவனைப்பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று தேடுவதும் வழக்கமாயிற்று.

முதல் மாதம் பெட்டி மிகவும் நன்றாகவே வேலை செய்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான்கு மணி நேரக் கரண்ட் போய், சார்ஜ் விளக்கின் மங்கிய வெளிச்சத்தில் அடுப்பைப் பற்றவைக்கும் நேரத்தில், முழு அதிகாரம் வாசிக்க மனம் ஒன்றாத நாட்களில், இரண்டு வரி போதுமானதாக இருந்தது. "கர்த்தருக்குக் காத்திரு, அவர் உன் இருதயத்தை ஸ்திரப்படுத்துவார்" என்ற 27-ஆம் சங்கீதத்தின் (வேதாகமப் பாடலின்) அட்டை வந்த காலையில் நான் அன்று முழுவதும் அந்த அலுவலகத்திற்குத் தொலைபேசியில் பேசவில்லை, அது எனக்குப் பெரிய காரியம்.

குறை தெரிந்தது எரேமியா 29:11 அட்டையில். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற அந்த வசனத்தை அறியாத தமிழ்க் கிறிஸ்தவர் இருக்க முடியாது. திருமண வாழ்த்திலும் கடை நாட்காட்டியிலும் அதுவே. பெட்டியில் அது மூன்று அட்டைகளில் திரும்பத் திரும்ப வருகிறது, பின்னணியில் ஒரே கழுகுப் படம் (கழுகு எரேமியாவில் எதற்கு என்று அச்சிட்டவரைத்தான் கேட்க வேண்டும்). ஒருநாள் ஏதோ தோன்றி வேதாகமத்தைத் திறந்து அதற்கு முந்தின வசனத்தையும் வாசித்தேன். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய நிருபம் அது. பாபிலோனிலே எழுபது வருஷம் முடிந்தபின்புதான் உங்களைத் திரும்பிவரப்பண்ணுவேன் என்று பத்தாம் வசனம் சொல்கிறது. அதற்கும் மேலே ஐந்தாம் வசனத்தில், வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள் என்று, சிறைப்பட்டுப் போன இடத்திலேயே வாழச் சொல்லியிருக்கிறது. எழுபது வருஷம் என்றால் அந்த நிருபத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போகவில்லை என்றுதானே பொருள். வாக்குத்தத்தத்தை அச்சிட்டவர்கள் அதன் காலக்கணக்கைக் கத்தரித்துவிட்டார்கள்.

அன்று மாலை 200 அட்டைகளையும் பாயில் பரப்பி வைத்து எண்ணினேன். காத்திருக்கச் சொல்பவை ஒன்பது. எவ்வளவு காலம் என்று சொல்பவை ஒன்றுகூட இல்லை. ஆபிரகாம் எழுபத்தைந்து வயதில் புறப்பட்டு நூறு வயதில் மகன் ஈசாக்கைக் கண்டது, பானபாத்திரக்காரன் மறந்துபோனதால் யோசேப்பு சிறையில் மேலும் இரண்டு வருஷம் இருந்தது, இவற்றில் ஒன்றுக்கும் இடமில்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்ற 13-ஆம் சங்கீதத்தின் தொடக்கமும் இல்லை; ஆனால் அதே சங்கீதத்தின் கடைசி வசனமாகிய "கர்த்தர் எனக்கு நன்மை செய்தபடியால் அவரைப் பாடுவேன்" மட்டும் பூப்படத்தோடு இருக்கிறது. கேள்வியை எடுத்துவிட்டுப் பாட்டை மட்டும் கையில் கொடுத்தால், கேள்வியோடு உட்கார்ந்திருப்பவள் தன் விசுவாசத்தில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணிக்கொள்வாள். நான் அப்படித்தான் எண்ணினேன்.

இன்னொரு தீங்கையும் வெட்கத்தோடு சொல்ல வேண்டும். கண்டித்துப் பேசும் வசனமோ பொருந்தாத வசனமோ வந்தால் அதை உள்ளே வைத்துவிட்டு வேறொன்று எடுக்கத் தொடங்கினேன். ஒருநாள் நான்காவது அட்டையை இழுத்தபோது, சிறுவயதில் காளி கோவில் பக்கம் பார்த்த கிளி ஜோசியக்காரரின் நினைவு வந்தது. கிளியாவது ஒரே சீட்டோடு நிறுத்திக்கொள்ளும். இது பெட்டியின் குற்றமா என் குற்றமா என்று கேட்டால் பாதிப் பாதி என்பேன். வருட இறுதி ஆராதனையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுத்துப் பழகிய நமக்கு, தினசரி அட்டையும் அதிர்ஷ்டச் சீட்டாக மாற அதிக நாள் பிடிப்பதில்லை.

இந்த ஊரில் இருந்துகொண்டு ஜட்சனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813 ஜூலையில் ரங்கூனில் (இன்றைய யாங்கூனில்) வந்திறங்கி, முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819 ஜூனில். ஏறத்தாழ ஆறு வருஷம், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காலைகள். இந்தப் பெட்டி அவரிடம் இருந்திருந்தால் பத்து முறைக்கு மேல் சுற்றி முடிந்திருக்கும், ஒருவரும் வந்திருக்கமாட்டார். அவர் அந்த நாட்களில் செய்ததோ பர்மிய மொழியைக் கற்றுக்கொண்டு மொழிபெயர்த்தது. பின்பு அன்றைய பர்மியத் தலைநகரான ஆவாவில் சிறைப்பட்டபோது அந்தக் கையெழுத்துப் பிரதி தலையணைக்குள் ஒளித்துவைக்கப்பட்டது. முழு வேதாகமமும் மொழிபெயர்ந்து முடிந்தது 1834-இல். வீட்டைக் கட்டித் தோட்டத்தை நாட்டுங்கள் என்ற ஐந்தாம் வசனத்திற்கு எனக்குத் தெரிந்த மிகப் பக்கத்து உதாரணம் அதுதான்.

ஜட்சனைப்பற்றிச் சொன்னதற்கு மற்றொரு காரணமும் உண்டு. என் பேத்திக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் வரும். பள்ளிப் படிப்பெல்லாம் பர்மியத்தில். ஆங்கிலப் பக்கம் அவளுக்கும் பயன்படவில்லை, எனக்கும் பயன்படவில்லை. அட்டையின் எண்ணைப் பார்த்து, ஜட்சன் மொழிபெயர்த்த பர்மிய வேதாகமத்தில் அவளே அந்த இடத்தைத் தேடி எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். தேடும்போது முன்பின் வசனங்களும் கண்ணில் படுவதால், இந்தப் பெட்டியை நான் இப்போது சரியாகப் பயன்படுத்துவதற்கு அவள்தான் காரணம். வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே வழிமுறையும் அதுவே: ஒரு நாளுக்கு ஓர் அட்டை, பிறகு வேதாகமத்தில் அந்த அதிகாரம் முழுவதும்.

பொருளின் தரத்தைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மழைக்காலத்தில் அட்டைகள் நமத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. மூடி இறுக்கமாக இல்லாததால் சென்ற ஆகஸ்டில் கீழ்வரிசையில் பூஞ்சணம் பிடித்தது. பிஸ்கட் டப்பாவுக்குள் பெட்டியை வைத்து, சிறு துணியில் முடிந்த அரிசியையும் போட்டு வைத்தபின் சரியாயிற்று. எழுத்து மிகச் சிறியது. விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி இல்லாமல் முடியாது.

மூன்று மாதத்திற்கு முன் பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளை அதே அளவில் வெட்டி, எரேமியா 29:10, தாமதித்தாலும் காத்திரு என்னும் ஆபகூக் 2:3, சங்கீதம் 13:1 என்று பதினோரு வசனங்களை நானே எழுதிப் பெட்டியில் கலந்துவிட்டேன். ஞாயிறு இரவில் மகன் கூப்பிடும்போது தனக்கும் ஓர் அட்டை எடுக்கச் சொல்வான். போன வாரம் பேத்தி கண்ணை மூடிக்கொண்டு எடுத்தது என் கையெழுத்தில் இருந்தது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர் என்று வாசித்தேன்.

சற்று நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை. பிறகு, "இதுவும் வாக்குத்தத்தமா அம்மா?" என்று கேட்டான். "பைபிளில் இருக்கிறதப்பா" என்றேன். "போட்டோ எடுத்து அனுப்புங்கள்" என்றான்.